உடைந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்

அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளையெல்லாம் சேர்த்து நடத்தும் அமைப்பு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அப்படி ஒன்றில் கணினிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. பழுதுகளைப் பதிகிற எங்கள் டிக்கெட் மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. மாணவருக்குப் பள்ளி கொடுத்த க்ரோம்புக் லேப்டாப் பழுதாகி என் மேசைக்கு வந்தால் சீரியல் எண், பழுதின் வகை, மாற்றிய பாகம், அதன் விலை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுக் கடைசியாக அந்தக் கட்டத்துக்கு வர வேண்டும். அதற்குத் தலைப்பு ‘காரணம்’. உள்ளே மூன்றே தேர்வுகள்: விபத்து, கவனக்குறைவு, வேண்டுமென்றே. ஏதாவது ஒன்றைச் சொடுக்கினால்தான் டிக்கெட் மூடும். முதல் இரண்டில் ஒன்று என்றால் செலவு டிஸ்ட்ரிக்ட்டோடு முடிந்தது. மூன்றாவது என்றால் பள்ளி அலுவலகத்துக்குத் தகவல் போகும். அங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் போகும். கடிதத்தில் ஒரு தொகை இருக்கும்.

அந்த மூன்றில் ஒன்றைச் சொடுக்கும் நேரத்தில் எனக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்கிறது என்பதுதான் சில காலமாக என்னை விடாமல் அரிக்கிற கேள்வி. ஒரு மிஷின் எப்படி உடைந்தது என்று திறந்து பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். உடைத்த பிள்ளையின் மனதில் அந்த நிமிடம் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அந்தக் கட்டம் என்னிடம் கேட்பது அதைத்தான்.

நான் இருப்பது கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில். பாதாம், பீச், வால்நட் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர்கள். பிள்ளைகளின் வீடுகளில் ஸ்பானிஷும் பஞ்சாபியும் அதிகம். நம்மவர்களிடம் ஐ.டி. வேலை என்று சொன்னால் “எந்தக் கம்பெனி? என்ன ப்ராஜெக்ட்?” என்பதுதான் அடுத்த கேள்வி. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று சொன்னதும் பேச்சு கொஞ்சம் தடுமாறும், பிறகு குழந்தைகள், விடுமுறை என்று வேறு பக்கம் போய்விடும். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் வந்து, வேலை செய்ய அனுமதி அட்டை கிடைத்து, முதலில் கிடைத்த வேலை இது. நான் விரும்பித் தங்கிவிட்ட வேலையும் இதுதான். ஆசிரியர் அல்லாத ஊழியர்களை இங்கே கிளாசிஃபைடு என்பார்கள். சேர்வதற்கு முன் லைவ் ஸ்கேன் என்று கைரேகை எடுப்பார்கள், காசநோய் இல்லை என்று காட்டச் சொல்வார்கள். சின்ன வயதில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட நம் ஊர்க்காரர்களுக்குத் தோல் பரிசோதனையில் கை வீங்கிவிடலாம், அப்படி வீங்கினால் எக்ஸ்ரே எடுத்துத் தப்பிக்க வேண்டியிருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

வேலை என்பது பெரும்பாலும் நடை. காலை முதல் பாட வேளையில் புரொஜெக்டர் படம் காட்டவில்லை என்பார்கள், டாகுமெண்ட் கேமராவை யாரோ பிடுங்கி வேறு இடத்தில் செருகியிருப்பார்கள், மூலை வகுப்பறையில் வைஃபை விட்டுவிட்டு வரும். ஏப்ரல், மே மாதங்களில் மாநிலத் தேர்வு. அதற்கென்று தனி பிரவுசர் உண்டு. ஒரு அப்டேட் தவறினால் ஒரு வகுப்பே உட்கார்ந்து கூரையைப் பார்க்கும். இவையெல்லாம் எனக்குப் பிடித்த சிக்கல்கள். விடை இருக்கும், விடை வந்ததும் பிள்ளைகள் முகத்தில் தெரியும்.

உடைந்த க்ரோம்புக்குகள் வேறு வகை. திறந்து பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். திரையின் கீழ்விளிம்பிலிருந்து விரிசல் நட்சத்திரமாக விரிந்திருந்தால், விசைப்பலகைமேல் பென்சிலோ இயர்பட்ஸோ கிடக்க மூடியை மூடியிருக்கிறார்கள். மேல்மூலையிலிருந்து ஓடினால், ஒரு கையால் திரையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். கீல் பிய்ந்து வந்தால் பெரும்பாலும் வயது. பிளாஸ்டிக்கில் பதித்த திருகுத் துளை சில வருடத் திறப்பு மூடலில் தளர்ந்துவிடும், கடைசியாக யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில் டிக்கெட் வரும். ஒற்றை விசை காணாமல் போனால் அது தானாக உதிர்ந்ததாக இருக்கலாம். ஒரு வரிசையே போயிருந்தால் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ மிஷினுக்கு உரிய பிள்ளையா, பக்கத்து மேசைப் பிள்ளையா, கழிப்பறைக்குப் போய்வந்த நேரத்தில் நடந்ததா என்று மிஷின் சொல்லாது. பொருளின் பெயரில் பதிவு இருக்கிறது, பொருளுக்கு ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான் எங்கள் சாட்சியம்.

பணம் தீர்ந்துபோன பிறகு

2020 வசந்தத்தில் பள்ளிகள் மூடியதும் எல்லா டிஸ்ட்ரிக்ட்களும் ஒரே சமயத்தில் க்ரோம்புக்குகளுக்கு ஆர்டர் போட்டன. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதன் பின்விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மத்திய அரசு மூன்று தவணைகளில் பள்ளிகளுக்கு ஒதுக்கிய கோவிட் நிவாரணம் ஏறத்தாழ 19,000 கோடி டாலர். அதன் கடைசித் தவணையை எதற்கென்று முடிவு செய்யும் கெடு 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. 2021-இல் பிள்ளைகள் கையில் கொடுக்கிற கருவிகளுக்கும் வீட்டு இணையத்துக்கும் என்று தனியாக 717 கோடி டாலர் வந்தது, அதுவும் தீர்ந்தது. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்து வந்த ஈ-ரேட் திட்டம் இருக்கிறது. பள்ளியின் ஏழ்மையைப் பொறுத்து 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி தரும். ஆனால் அது பள்ளிக்கு வரும் இணைப்புக்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் வைஃபைக்கும்தான். பிள்ளை கையில் பிடித்திருக்கும் மிஷினுக்கு ஈ-ரேட்டில் காசு கிடையாது.

ஆக, ஒரே சமயத்தில் வாங்கிய மிஷின்கள் ஒரே சமயத்தில் கிழடாகின்றன, மாற்றப் பணமில்லை. க்ரோம்புக் ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் அப்டேட் நின்றுபோகும் தேதி என்று ஒன்று உண்டு. அந்தத் தேதி வந்துவிட்டால் நல்ல மிஷினும் குப்பைதான் என்ற நிலை இருந்தது. யு.எஸ். பர்க் என்ற நுகர்வோர் அமைப்பு 2023-இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. 2020-இல் விற்ற க்ரோம்புக்குகளின் ஆயுளை இரட்டிப்பாக்கினாலே நாடு முழுவதும் வரி செலுத்துவோருக்கு 180 கோடி டாலர் மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் அப்டேட் காலத்தைப் பத்து ஆண்டாக நீட்டியது. எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் மென்பொருளுக்கு ஆயுள் கூடியதால் கீலுக்கும் சார்ஜ் போர்ட்டுக்கும் கூடிவிடவில்லை. பின்னறையில் செத்த மிஷின்களை அடுக்கிவைத்து, ஒன்றின் திரையையும் இன்னொன்றின் விசைப்பலகையையும் எடுத்து மூன்றாவதைப் பிழைக்க வைக்கிறோம். அப்படியும் தீராத செலவு ஒன்று இருக்கிறது. எங்களிடம் அதிகம் உள்ள மாடலில் சார்ஜ் போர்ட் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. சுண்டுவிரல் நக அளவுள்ள அந்தப் போர்ட் போனால் பலகையையே மாற்ற வேண்டும். பலகையின் விலை கிட்டத்தட்ட மிஷினின் விலை.

கலிபோர்னியாவில் பள்ளி தன் விருப்பப்படி பில் அனுப்பிவிட முடியாது. 2018-இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், பள்ளிக்குப் பிள்ளை கடன்பட்டதாகக் கணக்கு எழுதுவதையே பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்கு இரண்டு: கொடுத்த பொருளைத் திருப்பித் தராதது, வேண்டுமென்றே சேதப்படுத்தியது. வேண்டுமென்றே என்றால் பெற்றோர் பொறுப்பு. கல்விச் சட்டத்தின் 48904-ஆம் பிரிவில் வரம்பு பத்தாயிரம் டாலர், அதுவும் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். பணம் கட்ட முடியாத வீட்டுக்கு அதே பிரிவில் ஒரு வழியும் இருக்கிறது: பணத்துக்குப் பதிலாகப் பிள்ளை விருப்பத்தின்பேரில் ஏதாவது வேலை செய்து கழிக்கும் திட்டத்தைப் பள்ளி தர வேண்டும். எங்கள் கடிதத்தில் தொகையும் கெடுவும் தடித்த எழுத்தில் இருந்தன. இந்த வழி கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் இருந்தது.

இப்போது அந்தக் கட்டத்தின் எடை புரியும். சட்டம் ‘மனதறிந்து செய்தானா’ என்ற கேள்வியில் நிற்கிறது. அந்தக் கேள்விக்கு எங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் பதில் எழுதுவது ஒரு திருப்புளிக்காரி.

2025 மே

அந்த மாதம் டிக்டாக்கில் ஒரு சேலஞ்ச் பரவியது. பென்சில் குச்சி, பேப்பர் கிளிப், ஊக்கு என்று கிடைத்ததை க்ரோம்புக்கின் போர்ட்டுக்குள் செருகிப் புகை வரவைத்து வீடியோ எடுப்பது. கனெக்டிகட், நியூ ஜெர்சி, கொலராடோ எனப் பல மாநிலங்களில் வகுப்பறைகளைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. உள்ளே இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. அதைப் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்கியது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மேசைக்கு வந்தவற்றில் பென்சில் கரி பளபளவென்று போர்ட்டுக்குள் அப்பியிருந்ததை நானே பார்த்தேன். ஒன்றில் ஒடிந்த குச்சி உள்ளேயே இருந்தது. அவற்றுக்கு மூன்றாவது தேர்வைச் சொடுக்கினேன். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

சிக்கல் வேறு. மே மாதத்தில் போர்ட் கருகி வந்த எல்லா மிஷின்களும் அதே வரிசையில் நிறுத்தப்பட்டன. சார்ஜர் செருகும் யு.எஸ்.பி.-சி போர்ட்டின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், அதில் வரிசையாக 24 முனைகள். சார்ஜர் கம்பியை நாள்தோறும் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அந்த நாக்கு வளையும், பலகையோடு இருக்கும் பற்றவைப்பு விடும், சூடேறும், ஓரம் பழுப்பாகக் கருகும். இது எந்த சேலஞ்சும் இல்லாமல் ஆண்டு முழுக்க நடப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கருகல். திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் எல்லா நேரமும் தெரியாது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் மிஷின் அப்படி வந்தது. டிக்கெட்டில் வைஸ் பிரின்சிபல் முன்கூட்டியே ‘சேலஞ்ச்’ என்று எழுதியிருந்தார். வகுப்பில் கருகல் வாடை வந்தது, அவன் மேசைப் பக்கத்திலிருந்து வந்தது, அவன் ஏற்கெனவே வேறு விஷயங்களுக்காக அலுவலகத்துக்குப் போய்வந்த பையன். மிஷினைத் திறந்தேன். நாக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் பழுப்புக் கருகல். கரித்தூள் இல்லை, உலோகக் கீறல் இல்லை. சார்ஜரின் முனையிலும் கருகல் இருந்தது. ஆனால் அந்த முனை எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும் என்பதால் இரண்டு கருகலும் ஒன்றோடொன்று பொருந்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய டிக்கெட்டுகளைத் தேடினேன். முந்தைய ஆண்டு இதே மிஷின் வேறொரு பிள்ளையிடம் இருந்தபோது ‘சரியாகச் சார்ஜ் ஏறவில்லை’ என்று ஒருமுறை வந்திருக்கிறது. சார்ஜரை மாற்றிக் கொடுத்து மூடியிருக்கிறார்கள்.

டிக்கெட்டை மூடாமல் வைத்தேன். மூடாமல் வைப்பதிலும் ஒரு விலை இருந்தது. காரணம் முடிவாகும்வரை அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்கு எடுத்துப்போக மாற்று மிஷின் கிடையாது, பள்ளியில் மட்டும் பயன்படுத்தலாம் என்பது விதி. கல்வி ஆண்டின் கடைசி வாரங்கள். வீட்டுப்பாடம் எல்லாம் மிஷினில்.

அப்பா வந்தார்

அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் பிரிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் அப்பா கடிதம் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். லாரி ஓட்டுகிறவர், பஞ்சாபி. ஓட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. கவுண்ட்டரில் இருந்தவர் என்னைக் காட்டி, “இவர்தான் திறந்து பார்த்தவர், இவரும் இந்தியர்தான்” என்றார். இந்தியர் என்றால் பஞ்சாபி தெரியும் என்று இங்கே நினைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்தது பள்ளி நாட்களில் பிரசார சபா பரீட்சைக்குப் படித்த இந்தி. அவர் தன் பஞ்சாபியை இந்திப் பக்கம் சாய்த்துக்கொண்டார், நான் என் இந்தியைத் தூசு தட்டிக்கொண்டேன். பையன் பக்கத்தில் நின்றான்.

“பஹன்ஜி, என் மகன் செய்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள். செய்திருந்தால் இப்போதே பணம் கட்டுகிறேன், பிறகு அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். செய்யவில்லை என்றால் ஒரு காசு தர மாட்டேன். ஆனால் வழியெல்லாம் அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன். அவனிடம் நான் அதைச் சொல்லியாக வேண்டும்.”

இந்த வேலையில் என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. ஆசிரியர்கள் ‘எப்போது சரியாகும்’ என்பார்கள், மேலாளர் ‘எவ்வளவு ஆகும்’ என்பார். இவர் கேட்டது தன் மகன் எப்படிப்பட்டவன் என்று. அதைச் சொல்லக்கூடியவள் நான் என்று அவர் முழுமனதாக நம்பினார், ஏனென்றால் மிஷினின் உள்ளே பார்த்தவள் நான். மென்பொருளில் அந்தக் கட்டம் கேட்கும்போது அது ஒரு சொடுக்கு. ஒரு அப்பா மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வியின் முழு அளவு தெரிந்தது. அவர் வீட்டில் அன்று இரவு என்ன நடக்கும் என்பது என் ஒரு சொல்லில் இருந்தது.

வண்டியிலிருந்த மிஷினை எடுத்துவந்து பின்மூடியைக் கழற்றி அவருக்குக் காட்டினேன். “பாயி சாகப், பென்சில் கரி இருந்தால் இங்கே கறுப்பாக மின்னும். இதில் இல்லை. அதை உறுதியாகச் சொல்கிறேன். இந்த நாக்கு வளைந்திருக்கிறது. போன வருடமே இந்த மிஷினில் சார்ஜ் கோளாறு இருந்திருக்கிறது. எப்போது வளைந்தது, யார் கையில் வளைந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.” லாரிக்காரர் என்பதால் இயந்திரத்தின் தேய்மானம் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதாக இல்லை. லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பையனிடம் பஞ்சாபியில் ஏதோ கேட்டார், அவன் நீளமாகப் பதில் சொன்னான். எனக்கு அது புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. அவர்கள் இருவருக்குமானது.

அன்று டிக்கெட்டை மூடினேன். மென்பொருள் அனுமதித்த மூன்றில் ‘விபத்து’ என்பதைச் சொடுக்கி, கீழே குறிப்பில் நான் பார்த்தது எல்லாவற்றையும் எழுதி, படங்களை இணைத்தேன். பையனுக்கு வீட்டுக்கு எடுத்துப்போக மிஷின் கிடைத்தது.

தேடிப் பார்க்கலாமே

இரண்டொரு நாளில் வைஸ் பிரின்சிபல் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. புகை வந்த வகுப்பறையிலிருந்து பிள்ளைகளை வெளியே கூட்டிவந்தவர் அவர்தான், அவருக்கு அந்தப் பயம் இன்னும் தீரவில்லை. அந்தப் பையன் அந்த வீடியோவைத் தேடினானா என்று பதிவுகளில் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

முடியும். இணையத்தைப் பயன்படுத்தும் பள்ளிகள் ஈ-ரேட் தள்ளுபடி பெற வேண்டுமென்றால் வடிகட்டி வைக்க வேண்டும், பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளை போன இடத்தையும் பின்தொடர்ந்து பதிய வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் இன்றைய கருவிகள் பதிந்துகொண்டுதான் இருக்கின்றன. நிர்வாகக் கணக்கில் நுழைந்தால் ஒரு பிள்ளை இரவு பதினொரு மணிக்கு என்ன தேடினான் என்பதுவரை தெரியும். நான் அவரிடம் சொன்னேன்: டிக்டாக் எங்கள் நெட்வொர்க்கில் தடைசெய்யப்பட்டது. செய்திகள் தடைசெய்யப்படவில்லை. மே மாதத்தில் இந்த சேலஞ்சைப் பற்றித் தேடாத ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால்தான் ஆச்சரியம். அவன் தேடியிருந்தால் அதிலிருந்து எதுவும் நிரூபணமாகாது. தேடியிருப்பது தெரிந்துவிட்டால் அது நிரூபணம் போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. அதற்கு மேலும் வேண்டுமென்றால் என் மேலாளருக்கு எழுத்தில் கேளுங்கள் என்றேன். எழுத்தில் அப்படி ஒன்று வரவில்லை.

பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் டிஸ்ட்ரிக்ட்டில் 2010-இல் நடந்ததை இந்த வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களில் தொலைந்தால் கண்டுபிடிக்க என்று ஒரு மென்பொருள் இருந்தது. அது கேமராவை இயக்கிப் படம் எடுக்கும். ஒரு மாணவன் தன் அறையில் இருந்தபோது எடுத்த படத்தை வைத்துப் பள்ளியில் அவனை விசாரித்தார்கள். வழக்கு வந்தபோதுதான் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. டிஸ்ட்ரிக்ட் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. என் நெஞ்சில் தைத்தது ஒரு சின்ன விவரம். 55 டாலர் காப்பீட்டுக் கட்டணம் கட்டாமல் அவன் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தான் என்பதுதான் அந்த மென்பொருளை முடுக்கிவிட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம். பொருளைக் காப்பாற்றப் போகிறோம் என்று ஆரம்பிக்கிற வேலை பிள்ளையின் படுக்கையறைவரை போய் நின்றிருக்கிறது. முடுக்கிவிட்ட கைகள் என்னைப் போன்ற ஆட்களின் கைகள்.

மூத்தவர் சொன்னது

எங்கள் அணியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் இருக்கிறார். இதே ஊரில் பழத்தோட்டக் கூலிகளின் மகனாக வளர்ந்தவர், இதே டிஸ்ட்ரிக்ட்டில் படித்தவர், ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குப் பல்பு மாற்றிய காலத்திலிருந்து வேலையில் இருப்பவர். அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், மனதைப் பற்றிய தீர்ப்பு எங்கள் வேலை இல்லை என்று நான் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ எழுதாவிட்டால் யார் எழுதுவார் என்று யோசித்தாயா? மிஷினைத் திறந்தே பார்க்காதவர் எழுதுவார். அவரிடம் இருப்பது பிள்ளையின் பெயரும் பழைய கதைகளும்தான். பெயரை வைத்தே இந்த ஊர் ஓர் ஆளை எப்படி எடைபோடும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டம் உன் கையில் இருப்பதுதான் அந்தப் பையனுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு.”

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அந்தப் பஞ்சாபிப் பையன் விஷயத்திலேயே அவர் சொன்னது உண்மையாயிற்று. ‘விபத்து’ என்று நான் சொடுக்கியதால்தான் கடிதம் போகவில்லை. ஆனால் அதே அதிகாரம் களைத்துப்போன ஒரு மாலையில், மேசையில் மிஷின்கள் குவிந்து கிடக்கும்போது, முன்கூட்டியே ‘சேலஞ்ச்’ என்று எழுதிவந்த டிக்கெட்டின்மேல் எப்படி இயங்கும்? அணியில் எல்லோரும் லென்ஸ் எடுத்துப் பார்ப்பதில்லை, பார்க்க நேரமும் தரப்படுவதில்லை. மூத்தவரின் நியாயம் அவரைப் போன்றவர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை சரி. நாற்காலியில் யார் இருந்தாலும் பிள்ளை பிழைக்க வேண்டும் என்பது என் கவலை. அவர் பார்ப்பது ஊரின் குணத்தை, நான் பார்ப்பது மென்பொருளின் குணத்தை. பல மதிய இடைவேளைகள் இதே பேச்சில் போயின. கடைசியில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு: மிஷின் காட்டியது முதலில் எழுத்தில் வர வேண்டும், அதைப் படிக்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.

அதை வைத்து இருவருமாக ஒரு படிவம் எழுதினோம். போர்ட்டில் அந்நியப் பொருள் உண்டா, எந்த வகை, படம் உண்டா. தேய்மானத்தின் அடையாளம் உண்டா. இதே மிஷினின் பழைய டிக்கெட்டுகள் என்ன சொல்கின்றன. கடைசியாக, ‘திறந்து பார்த்தும் சொல்ல முடியவில்லை’ என்று நான்காவது ஒரு தேர்வு. அதைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைக்கு அன்றே மாற்று மிஷின், வீட்டுக்கு எடுத்துப்போக. வேண்டுமென்றே என்ற முடிவைப் பள்ளி எடுக்கலாம், ஆனால் பிள்ளையையும் பெற்றோரையும் அவர்கள் மொழியில் கேட்ட பிறகு, இந்தப் படிவத்தை அவர்கள் கையில் கொடுத்த பிறகு. பணத்துக்குப் பதிலாக வேலை என்ற வழியைக் கடிதத்தின் முதல் பத்திக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதினோம்.

மேலாளர் படித்துவிட்டு நான்காவது தேர்வை ஏற்றுக்கொண்டார். எல்லோரும் அதையே சொடுக்கித் தப்பித்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம், அதனால் படம் இல்லாமல் அதைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி வைத்தார். நியாயமான நிபந்தனை. இப்போதைக்கு நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் நடைமுறை. கடிதத்தை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை, அது டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் கல்வி போர்டின் கொள்கை. போர்டுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பேச எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூத்தவர் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர் என்னோடு ஒத்துப்போகாத பகுதியையும் சேர்த்தே பேசப் போகிறாராம். பேசட்டும், போர்டு இரண்டையும் கேட்க வேண்டும். ஸ்பானிஷுக்கும் பஞ்சாபிக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அலுவலகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பெற்றோர் வந்தால் என் இந்தியை நம்பி அவர்களை உட்கார வைக்க முடியாது.